நல்ல தண்ணிக்கு வந்த கடல் படகு

அழகர்கோவில் பக்கம் படகுக்கு என்ன வேலை என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். கடலைப் பார்க்க நாங்கள் சிவகங்கை, திருவாடானை தாண்டித் தொண்டிக்குத்தான் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆனால் மலையடிவாரத்திலிருந்து மேலூர் வரைக்கும் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையும் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து கிடைத்த வருஷத்தில் மாசி, பங்குனி வரைக்கும் தண்ணீர் நிற்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவார்கள். முன்பெல்லாம் வலை போட லாரி டியூபும் தெர்மோகோல் மிதவையும்தான். இப்போது வசதிப்பட்ட இடங்களில் பைபர் போட் வந்துவிட்டது. புதிது வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. கடற்கரையில் ஓடி ஓய்ந்த செகண்ட் ஹேண்ட் போட்டுதான் வண்டியேறி வருகிறது.

எங்கள் மாமாவும் அவருடைய பங்காளிகளும் சேர்ந்து வாங்கிய போட்டும் அப்படி வந்ததுதான். பாக் விரிகுடாக் கரையில் நண்டு வலைக்கு ஓடிய இருபது அடிப் போட். வந்து கண்மாயில் விட்ட கொஞ்ச நாளிலேயே புகார் ஆரம்பித்தது. சாயங்காலம் துடைத்துவிட்டுப் போனால் காலையில் கணுக்கால் அளவு தண்ணீர் கிடக்கிறது. மாமா ஒரு முடிவோடு இருந்தார்.

"மாப்ள, ரெண்டு பாக்கெட் எம்சீல வாங்கி அப்பி விட்ருவோம். சோலி முடிஞ்சுச்சு."

"எங்க மாமா அப்புறது?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. யாரிடமும் இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். பைபர் போட்டில் தண்ணீர் தேங்கிய இடம் வேறு, நுழைந்த இடம் வேறு. நுழைந்த இடம் தெரியாமல் எதை அப்பினாலும் காசும் போகும், உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே வர வழியில்லாமல் சிறைப்பட்டுவிடும்.

முதலில் போட் எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தில் கட்டியது என்று விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் கண்ணாடியிழைப் படகு புதிதில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1979ல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் மணல்கரையில் ஏறி இறங்கக்கூடிய படகுகளை எண்பதுகளிலேயே வடிவமைத்துச் சோதித்தது. ஆனால் பைபர் போட் ஊருக்கு ஊர் பெருகியது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். கட்டுமரத்தை இழந்தவர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் போட் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் அத்தனை போட்டுக்கு ஆர்டர் வந்தபோது அச்சு வைத்திருந்தவர் எல்லோரும் கட்டினார்கள். அதில் நன்றாகக் கட்டியதும் உண்டு, அவசரத்தில் கட்டியதும் உண்டு. 2010ல் உணவு வேளாண் அமைப்பும் சென்னையில் இருக்கும் வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பும் மணல்கரைப் பைபர் படகு கட்டப் பயிற்சிக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தன. கட்டுகிற கை சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல வடிவமைப்பும் நிற்காது என்ற கவலை எல்லோருக்கும் இருந்த காலம் அது. சுனாமிக்குப் பின் கட்டியவற்றுக்கு இன்று இருபது வயதாகிறது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் நம் கைக்கு வருபவற்றில் அவையும் இருக்கும்.

எந்தக் கரை என்பதும் முக்கியம். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் அலைக்கரை. தினமும் மணலில் இழுத்து ஏற்றுவார்கள், அதனால் போட்டின் முதுகெலும்பான ஏராக்கட்டையின் அடி தேய்ந்து இழை தெரியும். பாக் விரிகுடா ஆழமில்லாத, அலையில்லாத கடல். அங்கே போட் நங்கூரத்திலேயே மிதந்து கிடக்கும். தேய்மானம் குறைவு, ஆனால் வருஷக்கணக்கில் தண்ணீரிலேயே ஊறியிருக்கும். மாமாவின் போட் இரண்டாம் ரகம் என்பதால் வெளியே பார்க்க அழகாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளித்தோல் ஜெல்கோட். அதற்குள்ளே மேட், ரோவிங் என்று கண்ணாடியிழை அடுக்குகள், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பாலியெஸ்டர் ரெசின். பின்பக்கமான அமரத்தில் எஞ்சின் பலகை. அது பெரும்பாலும் ப்ளைவுட், மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். குறுக்கே உட்காரும் பெட்டிகளுக்குள் போட் மூழ்காமல் இருக்க தெர்மோகோலோ பஃப் எனப்படும் நுரையோ அடைத்திருப்பார்கள். ஏராக்கட்டையும் விலா போன்ற வங்குகளும் சில போட்டில் உள்ளே கூடாக இருக்கும், சிலவற்றில் மரம் வைத்துப் போர்த்தியிருக்கும். ஆக, தண்ணீர் ஒளிந்துகொள்ள இதில் நிறைய அறைகள் உண்டு. ஒரு திருகாணி ஓட்டை வழியாக முன்பக்கமான அணியத்தில் நுழைந்த தண்ணீர் கூடான ஏராவுக்குள் ஓடி அமரத்தில் எட்டிப் பார்க்கலாம். ஜெல்கோட் உடைந்து இழை வெளியே தெரிந்தால் தண்ணீர் இழையைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஊறிப் போகும்.

அடுத்து, தண்ணீர் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று பிரிக்க வேண்டும். மழை, வலையோடு ஏறும் தண்ணீர், துடுப்புச் சிதறல் எல்லாம் மேலிருந்து வருபவை. மழையில்லாத இரவில் போட்டை நன்றாகத் துடைத்து, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி, கண்மாயில் மிதக்கவிட்டோம். காலையில் தண்ணீர் இருந்தது. அப்படியானால் கீழிருந்து வருகிறது, அல்லது பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்தது வெளியே கசிகிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால் இங்கே நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

கடல் போட்டை நல்ல தண்ணிக்குக் கொண்டுவந்ததில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. தண்ணீரே சாட்சி சொல்லும். கேன் தண்ணீர் சோதிக்க வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். மழைத் தண்ணீர் ஐம்பதைத் தாண்டாது. எங்கள் கண்மாய்த் தண்ணீர் சில நூறுகளில் காட்டுகிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதாவது மீட்டர் கணக்கில் 35,000. வீட்டு மீட்டர்கள் பத்தாயிரத்துக்குள்ளேயே மூச்சை விட்டுவிடும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அளந்து பத்தால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்.

அடித்தளத்தில் காலையில் கிடந்த தண்ணீரை அளந்தேன். கண்மாய்க்கு என்ன காட்டியதோ கிட்டத்தட்ட அதே எண். ஆக இது புதிதாக, கீழே எங்கோ திறந்த வழியில் வந்தது. பிறகு நடுக் குறுக்குப் பெட்டியின் அடிப்பக்கம் சின்னதாக ஒரு துளை போட்டோம். தெர்மோகோல் துணுக்குகளோடு பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. மீட்டர் எண் காட்டாமல் கைவிரித்தது. கலந்து அளந்தபோது கடல் தண்ணீர்க் கணக்குக்குப் பக்கத்தில் நின்றது.

இதன் அர்த்தத்தை மாமாவுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "உள்ள கெடக்குறது பாம்பன் பக்கத்துத் தண்ணி மாமா. அது நம்ம கண்மாயிலருந்து வந்திருந்தா உப்பு கரைஞ்சு கொறஞ்சிருக்கும்." பெட்டிக்கும் கண்மாய்க்கும் இப்போது வழியில்லை. கடலில் ஓடிய காலத்தில் பெட்டியின் மேல்தட்டில் யாரோ அடித்த திருகாணிகள் வழியாக அலைத் தண்ணீர் இறங்கி, போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. எம்சீலை அப்பியிருந்தால் இந்தத் தண்ணீரைப் பற்றி நமக்குத் தெரிந்தே இருக்காது. மிதக்க வைப்பதற்காக அடைத்த தெர்மோகோலைச் சுற்றி அவ்வளவு கனம் தொங்கிக்கொண்டிருக்க, போட் கவிழ்ந்தால் காப்பாற்றும் என்று நம்பி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒழுகலைவிட இதுதான் பயத்தைக் கொடுத்தது. கண்மாயில் ஆழம் குறைவுதான், ஆனால் மண் வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன. வலை போடுகிறவர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும் என்றும் சொல்ல முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எண் நடுவாந்தரமாக, மூவாயிரம் நாலாயிரம் என்று வந்தால் உடனே முடிவு கட்டக் கூடாது. காய்ந்த உப்புப் படிவத்தில் மழைத் தண்ணீர் சேர்ந்தாலும் அப்படிக் காட்டும். அப்போது தார்ப்பாய்ச் சோதனையையும் மற்றவற்றையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கீழ் வழியைக் கண்டுபிடிக்க, தங்கச்சிமடம் பக்கத்து பைபர் மேஸ்திரி ஒருவர் போனில் சொன்ன யோசனை மிக எளிமையானது. "தம்பி, தண்ணிக்குள்ள வச்சு உள்ள பாக்காதீங்க. கரைல ஏத்தி, உள்ள தண்ணிய விட்டு, வெளிய பாருங்க." அதையே செய்தோம். இதில் கனத்தை மறந்துவிடக் கூடாது. இருபது அடி நீளம், நாலடி அகலத்தில் பத்து சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் விட்டால் அரை டன்னைத் தாண்டும். மிதக்கும்போது வெளியிலிருந்து தண்ணீர் தாங்கும், கரையில் தாங்க ஆளில்லை. ஏராவுக்கும் இரண்டு பக்க வயிற்றுக்கும் மணல் மூட்டை, பழைய டயர் கொடுத்துத்தான் தண்ணீர் விட்டோம், அதுவும் நாலு விரல் உயரத்துக்கு மேல் போகவில்லை. தண்ணீரில் சொட்டு நீலம் கலந்தோம். வெளிப்பக்கம் துடைத்து உலர்த்திக் கோலமாவை ஈரமில்லாத துணியால் தடவிவிட்டோம். நீலம் எங்கே எட்டிப் பார்த்தாலும் மாவு காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு இடத்தில் காட்டியது. ஒன்று அமரத்தில் தண்ணீர் திறந்துவிடும் பிளக்கின் பித்தளை வளையத்தைச் சுற்றி. இன்னொன்று யாரும் எதிர்பார்க்காத இடம். ஏராவின் பின்முனை, பெயிண்ட் நன்றாக இருந்த இடத்தில், மயிரிழை போல ஒரு வெடிப்பு. கல்லில் ஒருமுறை உட்கார்ந்திருக்க வேண்டும். பெயிண்டைச் சுரண்டியதும் நட்சத்திரம் போலக் கீறல்கள் பரவியிருப்பது தெரிந்தது. விற்றவர்கள் பெயிண்ட் அடித்து விற்றார்கள் என்று பங்காளிகளுக்குக் கோபம். பழைய போட் வாங்கும்போது புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏராவில் ஒரு சாண் அகலமாவது சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள் என்பதுதான் நான் சொல்ல முடிந்தது.

மூடிய பெட்டிக்குக் காற்று விட்டுச் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி பார்க்கும் முறையும் உண்டு. நல்ல முறைதான். ஆனால் கம்ப்ரசரைக் கொண்டுவந்து மாட்டிவிடாதீர்கள். ஒரு பிஎஸ்ஐ என்பது கேட்கச் சின்ன எண். ஒரு சதுர மீட்டர் தட்டின் மேல் அது எழுநூறு கிலோ தள்ளும். பெட்டி பிளந்துவிடும். வாயால் மெல்ல ஊதுகிற அளவு போதும்.

ஒழுகாத இடங்களையும் பார்க்க வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். அடுக்கு விட்டுப்போன இடத்திலும் ஊறிய இடத்திலும் சத்தம் அமுங்கிவிடும். அப்படிக் கேட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். விடியற்காலையில் கண்மாய்க் கரை அமைதியாக இருக்கும்போது செய்வது நல்லது. எஞ்சின் பலகையில் போல்ட்டுகளுக்குக் கீழே சத்தம் செத்துக் கிடந்தது. உள்பக்கமிருந்து மெல்லிய துரப்பணத்தால் பலகை வரை மட்டும் துளைத்து, வரும் மரத்தூளைப் பார்த்தோம். மேலே வந்த தூள் வெளிறி உலர்ந்திருந்தது. கீழே வந்தது கறுத்து, ஈரமாக, விரலில் ஒட்டியது. ப்ளைவுட் அழுகிக்கொண்டிருக்கிறது. போல்ட் ஓட்டைகளில் யாரும் சீல் வைக்கவில்லை. ஈரப்பத மீட்டர் வாங்கலாமா என்று தம்பி ஒருவன் கேட்டான். இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்த, தோலில் உப்பு படிந்த போட்டில் அது எல்லா இடத்திலும் ஈரம் என்றே சொல்லும். தட்டுவதும் துளைப்பதும் அதைவிட நேர்மையான சாட்சிகள்.

நான் அதிகம் எழுத நினைத்தது கொப்புளங்களைப் பற்றி. போட்டைக் கவிழ்த்துப் போட்டபோது தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவில் அங்கங்கே ஜெல்கோட் உப்பியிருந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒன்றைக் குத்தினேன். உள்ளே அழுத்தத்தோடு இருக்கும், பீச்சியடிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையில் பிசுபிசுத்தது. புளித்த வினிகர் வாடை. மீன் தொட்டிக் கடையில் விற்கும் பிஎச் காகிதத்தை வைத்தால் அமிலம் என்று நிறம் மாறியது. இது ஓட்டை வழியாக வந்த தண்ணீர் இல்லை. ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை, மிக மெதுவாக உள்ளே விடும். உள்ளே சரியாக இறுகாத ரெசினில் கரையக்கூடிய பொருள்கள் இருந்தால் தண்ணீர் அவற்றைக் கரைத்துக் கெட்டியான திரவமாக்கும். அந்தத் திரவம் வெளியிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதே, அதே விசைதான். விலை குறைந்த ஜி.பி. ரெசினில் இது அதிகம், ஐசோ ரெசினில் குறைவு.

கண்மாய்க்குப் போட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். "கடல்லயே ஓடுன போட்டு, இந்த நல்ல தண்ணிக்கு என்ன ஆயிரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை தலைகீழ். கடல் தண்ணீரில் உப்பு கரைந்திருப்பதால் கொப்புளத்துக்குள் இருக்கும் திரவத்துக்கும் வெளித் தண்ணீருக்கும் வித்தியாசம் குறைவு. நல்ல தண்ணீரில் அந்த வித்தியாசம் கூடுதல், இழுவையும் கூடுதல். தண்ணீர் சூடாக இருந்தால் வேகம் இன்னும் ஏறும். பங்குனி வெயிலில் முழங்கால் ஆழத்துக்கு வற்றிய கண்மாய் எப்படிக் கொதிக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்த கொப்புளம் இங்கே வந்ததும் முளைக்கிறது என்றால் காரணம் இதுதான். வேலையில்லாத நாளில் போட்டைத் தண்ணீரில் கட்டிப்போடாமல் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பது பாதி வைத்தியம்.

ஆக ஒரே போட்டில் மூன்று தண்ணீர். பிளக் வளையத்திலும் ஏரா வெடிப்பிலும் வரும் கண்மாய்த் தண்ணீர், பெட்டிக்குள் அடைபட்ட பழைய கடல் தண்ணீர், தோலுக்கடியில் ஊறிய அமிலத் தண்ணீர். எஞ்சின் பலகையில் போல்ட் ஓட்டை வழியாக இறங்கியதையும் சேர்த்தால் நான்கு. "இதத்தான் எம்சீல்ல அடைக்கப் பாத்தமா" என்று மாமா கவிழ்த்த போட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்பேரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது மேஸ்திரி வேலை. காயாமல் எதையும் மூடக் கூடாது. கொப்புளங்களைத் திறந்து சும்மா வெயிலில் வைத்தால் போதாது. ரெசினிலிருந்து கரைந்து உள்ளே தங்கியிருக்கும் கிளைக்கால் ஆவியாகிப் போகாது, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிக் கழுவித்தான் காயவைக்க வேண்டும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள எடை மேடை இருக்கிறது. கரையேற்றிய கையோடு வண்டியில் வைத்து ஒரு எடை, காயக் காய அதே வண்டியில் மறுபடி மறுபடி எடை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. வெடிப்பைச் சாய்வாகத் தேய்த்து, கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு இறக்கி, அதன் மேல் அடுக்கு வைக்க வேண்டும். பழைய பைபரில் பாலியெஸ்டரைவிட எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். பாலியெஸ்டர் வேலை என்றால் ஹார்ட்னரையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக்கூட வேண்டாம்.

பெட்டியின் மேல்தட்டை அறுத்துத் தெர்மோகோலை எடுத்தாகிவிட்டது. திரும்ப அதையே அடைக்க மாமா விரும்பவில்லை. தெர்மோகோல் மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்து ஓடும் என்பது ஒரு காரணம், அடுத்த முறை ஈரம் இறங்கினால் மறுபடி அறுக்க வேண்டும் என்பது இன்னொன்று. இறுக்கி மூடிய காலி பிளாஸ்டிக் கேன்களை வரிசையாக அடுக்கி, மேலே திறந்து பார்க்கும்படி மூடி வைக்கப் போகிறோம். ஒரு கேனில் தண்ணீர் இறங்கினாலும் மற்றவை தாங்கும், மாதம் ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின் பலகை மட்டும் பாக்கி. புது ப்ளைவுட் வைத்த பிறகு, போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகியதும் அதன் நடுவில் மறுபடி துளைத்துத்தான் போல்ட் போட வேண்டும், அப்போதுதான் மரத்தில் தண்ணீர் படாது என்று மேஸ்திரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மேல்தட்டில் இனி யாரும் கொக்கி மாட்டத் திருகாணி அடிக்கக் கூடாது என்று பங்காளிகளிடம் மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.